பாய் அனுப்பிய பணம்

கோயமுத்தூர் உக்கடத்தை ஒட்டிய சந்தில் எனக்கு ஒரு பட்டறை. எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றி, காயில் கட்டிக் கொடுப்பேன். பக்கத்துக் கடையில் பாய் பேரிங் விற்றார். இருபது வருஷத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் கைமாற்று வாங்காத மாதமே இல்லை. சீட்டும் கிடையாது, வட்டியும் கிடையாது. "இருக்குங்களா பாய்?" என்பேன், கல்லாவைத் திறப்பார்.

போன வருஷம் ஒரு மில்லிலிருந்து மொத்தமாக வேலை வந்தது, வருஷக் கடைசிக்குள் முடித்தால் போதும் என்றார்கள். செம்புக் கம்பி வாங்கப் பாயின் கல்லா தாங்காத தொகை வேண்டும். பேங்கில் அடமானம் கேட்டார்கள். வாடகைப் பட்டறையில் எதை வைப்பது, என் பொறுமையையா? அந்த நேரம் பார்த்து, ஃபோனிலேயே கடன் தரும் கம்பெனிக்காரர் ஒருவர் கழுத்தில் அட்டையோடு வந்தார். அடமானமே வேண்டாம், கடையின் கியூஆர் அட்டையில் தினமும் பணம் விழுந்தால் போதும், ஆப்பே பார்த்துக் கடன் கொடுத்துவிடும் என்றார். என் அட்டையில் தூசிதான் விழுந்துகொண்டிருந்தது. மில்காரர்கள் செக் கொடுப்பார்கள், தோட்டத்துக்காரர்கள் மடியிலிருந்து நோட்டை எடுப்பார்கள்.

பாயிடம் புலம்பினேன். "அதுக்கென்னங்க, நான் தினமும் உங்க அட்டையில போட்டு உடறேன். சாயங்காலம் கையில குடுத்துருங்க" என்றார்.

ஏமாற்று வேலை என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. கைமாற்றுதானே, கல்லாவுக்குப் பதில் ஃபோன், அவ்வளவுதான் என்று நினைத்தோம். மூன்று மாதம், காலையில் ஆயிரம், மதியம் ஐந்நூறு என்று அனுப்பினார். பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி கத்தும்போதெல்லாம், "யாவாரம் பலமாட்ட இருக்குதுங்க!" என்று அங்கிருந்தே கிண்டல் செய்வார். சாயங்காலம் நான் கொடுக்கும் நோட்டுகளைப் பேங்க் மிஷினில் தன் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்.

ஒரு திங்கட்கிழமை அவருடைய கணக்கைப் பேங்க் முடக்கியது. சரக்கு எடுக்க வைத்திருந்த பணம் முழுவதும் அதில்தான் இருந்தது. நானும் கூடப் போனேன்.

"தினமும் கேஷ் போடறீங்க, தினமும் ஒரே ஆளுக்கு அனுப்பறீங்க. சிஸ்டம் சந்தேகப்பட்டு நிறுத்திருச்சுங்க" என்றார் மேனேஜர்.

"கைமாத்துங்க சார்" என்றேன்.

"அதுக்குப் பேப்பர் இருக்குங்களா?"

பேப்பர் இருந்தால் அது கைமாற்றா? எனக்கு வந்த ஆத்திரத்தில் மேஜையைத் தட்டப் போனேன். பாய் என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டார்.

அதன்பின் அலைந்ததுதான் மிச்சம். எங்கே கேட்டாலும் மேலிடம் என்றார்கள், அந்த மேலிடத்தில் பேச ஒரு மனுஷன் அகப்படவில்லை. சரக்கு போடுபவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். பாயின் அலமாரிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒரு நாளும் அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அப்போதுதான் எனக்குக் கடன் வந்தது. என் அட்டையில் பணம் விழுந்தது மட்டும்தான் ஆப்புக்குத் தெரியும். அனுப்பிய மனிதருக்கு என்ன ஆனது என்று அதற்கு என்ன கவலை? சம்மதமா என்று திரையில் கேட்டது. சரக்கு எடுக்கப் பாதியைப் பாய்க்குக் கொடுத்தால் கம்பி முழுசாக வாங்க முடியாது, மில் வேலை கைவிட்டுப் போகும். பாயைக் கேட்டுவிட்டு அழுத்தலாம் என்று நினைத்தேன். கேட்டால் அவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வார் என்பது தெரியும். அதனால் கேட்காமலே அழுத்திவிட்டேன்.

கம்பிச் சுருள்கள் டெம்போவில் வந்த அன்று பாய் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். நான் தனியாக இறக்கத் திணறுவதைப் பார்த்துவிட்டு ஓடி வந்து மறுபக்கம் பிடித்தார்.

"கடன் வந்துருச்சுங்களா?" என்றார்.

"ஆமாங்க பாய்."

"ரொம்பச் சந்தோசமுங்க. நாம பட்ட பாட்டுக்கு ஒருத்தருக்காவது வந்துச்சே."

கடைசிச் சுருளை உள்ளே வைத்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு, அவர் தன் காலி அலமாரியைக் கழற்றப் போனார். நான் போய் ஒரு கை பிடிக்கவில்லை. கம்பியின் எடையைச் சரிபார்ப்பதுபோல் உள்ளேயே நின்றுகொண்டிருந்தேன்.