வெள்ளைச் சட்டையில் வாருங்கள்

சால்வதோர் நகரத்து லிப்டில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் வல்தெலீசி. கீழே துறைமுகமும் சந்தையும், மேலே அலுவலகங்களும் வீடுகளும். நடுவில் செங்குத்தான மலைச்சரிவு; ஜனங்கள் ஏறி இறங்கத்தான் இந்த லிப்ட். அவளுடைய அப்பாவும் அங்கேதான் இயந்திர அறையில் இருந்தார். பழைய ஆட்கள் அந்த லிப்டைத் ‘திருகு’ என்பார்கள் என்றும், ஆரம்ப காலத்தில் ஏறுபவர்களை ஒவ்வொருவராக எடை போட்டுத்தான் உள்ளே விடுவார்கள் என்றும் அவர் சொல்வார். எடை போட்ட கதையை மட்டும் வல்தெலீசி நம்பியதில்லை. அவள் அத்தையை எடை போடுகிற தைரியம் எவனுக்கு இருந்திருக்கும்?

மேலே போக அரை நிமிஷம், கீழே வர அரை நிமிஷம். ஜனங்கள் அதற்குள் பேசி முடிக்க வேண்டும். யார் முடிக்கிறார்கள்? “டாக்டர் என்ன சொன்னார்னா...” என்று ஆரம்பிப்பார்கள், கதவு திறந்துவிடும். மீதியைத் தெருவுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊரில் உள்ள அத்தனை கதைகளிலும் முதல் பாதி அவளுக்குத் தெரியும். இது பெரிய கொடுமை. முக்காலியில் உட்கார்ந்து பித்தளைப் பலகையைப் பார்த்தபடியே லிப்டை ஓட்டுவதால் முகங்களும் அவளுக்குச் சரியாகத் தெரியாது. பலகையில் எல்லோருமே கோணல்மாணலாகத்தான் தெரிவார்கள். ஆட்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்வாள்.

அந்தக் குரல்களில் ஒன்று கிரிஸ்பீமுடையது. கீழே சந்தையில் காய்ந்த இறால் விற்பவர், மனைவியை இழந்தவர். லிப்ட் காலியாக இருந்தாலும், “ஒருத்தருக்கு இடம் இருக்கா, தோனா?” என்று, அம்மணி என்கிற மரியாதையோடு கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். மூன்று வருஷமாகத் தன் வாழ்க்கையை அரை அரை நிமிஷமாக அவளிடம் சொல்லி வந்தார்.

“நேத்து எங்க விட்டேன்?”

“உங்க மாமியார் ஆட்டை வித்த எடத்துல.”

“ஆங், அந்த ஆடு...”

வல்தெலீசி தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லவும் என்ன இருக்கிறது? கல்யாணம் ஆன மூன்றாம் வருஷம் புருஷன் சாவ் பாவ்லோவுக்கு வேலை தேடிப் போனான். போனவன் போனவன்தான். பஸ் கிளம்பும்போது ‘போகாதே’ என்ற சொல் அவள் தொண்டைவரை வந்தது. வாயைத் திறப்பதற்குள் பஸ் போய்விட்டது.

அந்த ஜனவரியில் ஒரு புதன்கிழமை, கடையைப் பூட்டிவிட்டு மேலே போக ஏறிய கிரிஸ்பீம் ஆட்டுக் கதையை விட்டுவிட்டார்.

“மக கடுதாசி போட்டிருக்கா, சாவ் பாவ்லோவுக்கே வந்துடுங்கன்னு. வெள்ளிக்கிழமை காலைல பஸ். எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியல. நீங்களே சொல்லுங்க தோனா. நான் போகட்டுமா, இல்ல...”

கதவு திறந்துவிட்டது. கூட்டம் அவரை வெளியே தள்ளிக்கொண்டு போனது. மறுநாள் வியாழன், போன்ஃபிம் கோவில் படிகளைக் கழுவும் திருவிழா. சந்தைக்கு விடுமுறை.

“நாளைக்கு ஊர்வலத்துல சொல்றேன்!” என்று வல்தெலீசி அவர் முதுகைப் பார்த்துக் கத்தினாள். “வெள்ளைச் சட்டையில வாங்க, கண்டுபிடிச்சிடுவேன்!”

கத்தி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. டிக்கெட் வாசலில் வேலை பார்க்கும் சிநேகிதி ஜந்தீரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அடிப் பைத்தியமே! நாளைக்கு ஊரே வெள்ளையிலதான்டி வரும். நாய்க்குக்கூட வெள்ளை ரிப்பன் கட்டுவாங்க. இதுல எந்த வெள்ளைச் சட்டைன்னு தேடுவ?”

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து லிப்ட் வெள்ளை வெள்ளையாக ஜனங்களைக் கீழே இறக்கியது. பூவும் வாசனைத் தண்ணீரும் நிறைந்த ஜாடிகளோடு பெண்கள் இறங்கினார்கள். அவர் குரல் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்தத் திருவிழாவுக்கு எல்லோரையும் இறக்கிவிட்டவள், ஒரு தடவைகூட ஊர்வலத்தில் நடந்ததில்லை.

பத்து மணிக்கு ஜந்தீரா உள்ளே வந்தாள்.

“எந்திரிடி. எனக்கும் இதை ஓட்டத் தெரியும்.”

“மேலதிகாரி கேட்டா?”

“வயித்துப்போக்குன்னு சொல்றேன். எத்தனை தடவைன்னு அவன் கேக்கவா போறான்?”

நீலச் சீருடையோடும் வேலைக்குப் போடும் ஷூவோடும் வல்தெலீசி எட்டு கிலோமீட்டர் நடந்தாள். கொட்டு முழங்கியது. வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கே திரும்பினாலும் வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பார்த்து என்ன பயன்? அவர் முகத்தைப் பித்தளையில்தானே பார்த்திருக்கிறாள். கோவில் குன்றின் அடிவாரத்துக்கு வந்தபோது குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. விடிந்தால் பஸ். இன்னொரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு மிச்ச நாளெல்லாம் அதை நினைத்துக்கொண்டிருக்க அவளுக்குத் தெம்பில்லை.

நடுத்தெருவில் நின்றாள். தினமும் நானூறு தடவை சொல்வதையே வாய் தானாகச் சொன்னது.

“மேலே! மேலே போறவங்க உள்ள வாங்க!”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். “அம்மா, லிப்டை எங்க விட்டுட்டு வந்தீங்க?” என்றான் ஒருவன். அவள் வெட்கப்படவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை, பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஒருத்தருக்கு இடம் இருக்கா, தோனா?”

திரும்பினாள். அவர் அவளைவிடக் குட்டையாக இருந்தார். முக்காலியில் உட்கார்ந்து பார்த்தால் எல்லோரும் உயரம்தான்.

“போகாதீங்க,” என்றாள்.

“வேலைய விட்டுட்டு நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சிட்டு, காலைலயே போய் பஸ் டிக்கெட் வாங்கிட்டேன்,” என்றார். சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நான்காக மடித்து, பக்கத்தில் போன ஒரு பெண்ணின் பூ ஜாடிக்குள் போட்டுவிட்டார். “ஏன் போகக் கூடாதுன்னு சொல்லுங்க. மெதுவாவே சொல்லுங்க, இங்க கதவு இல்ல.”

வல்தெலீசி ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பஸ்ஸில் போன புருஷனிலிருந்து ஆரம்பித்தாள். குன்றின் உச்சிக்குப் போய், படிகளைக் கழுவி முடித்து ஜனங்கள் கலைந்த பிறகும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.