ஜெயா அக்கா வீட்டு மாமரக் கிண்ணம்

பச்சை மரத்தில் கிண்ணம் கடைகிறவர்களுக்கு உலகத்திலேயே கஷ்டமான வேலை, காயப்போட்ட கிண்ணத்தைத் தொட்டுப் பார்க்காமல் இருப்பது. உங்களில் யாராவது கடைசல் மெஷினான லேத் முன்னால் நின்றிருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். பெங்களூரில் இரும்பு லேத்தில் வேலை பார்த்துவிட்டு, நாங்கள் குடியிருக்கும் நந்திதுர்க்கில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மர லேத்துக்கு மாறியவள் நான். இரும்பு ஒருநாளும் என்னை இப்படிப் படபடக்க வைத்ததில்லை.

முகத்தில் அடித்த சாறு

ஒரு பெருமழையில், பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஜெயா அக்கா வீட்டு மாமரம் சாய்ந்துவிட்டது. அவர் மகள் ரேவதி பிறந்தபோது வைத்த மரம். ரேவதிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "கடை முழுக்க பாத்திரம் கீது. ஆனா அவகூட அனுப்ப இந்த மரத்துலதான் ஒண்ணு வேணும்" என்றார் அக்கா. அறுத்துப் பார்த்தால் அடிமரத்தில் பாதிக்கு மேல் கரையான். பெரிய கிண்ணத்துக்குத் தேறியது ஒரே ஒரு துண்டு. அது போனால் வேறு கிடையாது.

லேத்தில் மாட்டி உளியை வைத்ததும் சாறு விசிறியடித்தது பாருங்கள்! முகம், கண்ணாடி, சுவர் எல்லாம் ஈரம். சுருள் சுருளாக மரம் பறக்க, உள்ளே மஞ்சளும் பழுப்புமாக வரிகள் எழுந்து வந்தன. சந்தோஷத்தில் நானே கைதட்டிக்கொண்டேன். அக்கா அப்போதே பையை நீட்டினார். "இப்ப தர முடியாதுக்கா. கிண்ணத்தோட சுவரைத் தடியா விட்டு வெச்சிருக்கேன். மாசக்கணக்குல காயணும். காயும்போது கோணிக்கும். அப்புறம் மறுபடி கடையணும்" என்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா கலா, வெந்த சோத்தத் திரும்ப ஊற வெக்கணும்ன்ற மாதிரி சொல்ற?"

தராசுப் பைத்தியம்

ஈரம் அவசரமாக ஓடினால் மரம் வெடிக்கும். அதனால் விளிம்பில் மெழுகு தடவி, கடைந்த சுருளோடேயே காகிதப் பையில் போட்டு, காற்றுப் படாத கட்டிலடியில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் தராசில் வைப்பேன். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

என் வீட்டுக்காரர் சேகர் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். முதல் ஞாயிறு சிரித்தார். அடுத்த ஞாயிறு முள் இறங்கியிருந்ததைப் பார்த்தார், அவ்வளவுதான்! அதற்கப்புறம் அவர் போகும் பெட்டி முழுக்க எங்கள் கிண்ணத்தின் எடை தெரிந்துவிட்டது. ஓடும் ரயிலிலிருந்து யாரோ அவர் போனை வாங்கி, "இன்னும் இறங்குதா மேடம்?" என்று என்னைக் கேட்டார்கள். ஒரு புதன்கிழமை காலையில், பல்கூடத் தேய்க்காமல் தராசின் முன்னால் குந்தியிருந்த மனிதரைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"நம்ம புள்ளயக்கூட இத்தினி வாட்டி எடை போட்டதில்ல கலா!"

மொட்டைமாடியில் ஒரு சத்தம்

கல்யாணம் நெருங்கியது. உப்புத்தாள் வாங்க பங்காருபேட்டைக்குப் போயிருந்தேன். சேகருக்கு அன்று லீவு. திரும்பி வந்தால் கட்டிலடியில் பை காலி! மாடிப்படி ஏறும்போதே 'டப்' என்று ஒரு சத்தம். உச்சி வெயிலில், முறத்தின்மேல் என் கிண்ணம். பக்கத்தில் ஜெயா அக்கா. அவருக்குக் குடை பிடித்தபடி சேகர். சீக்கிரம் காயட்டும் என்று இரண்டு பேரும் கூடிப் பேசி எனக்கு உதவி செய்திருக்கிறார்கள்.

விளிம்பிலிருந்து கீழே விரல் நீளத்துக்கு ஒரு கோடு ஓடியிருந்தது. கத்த நேரமில்லை. கிண்ணத்தை அள்ளிக்கொண்டு கீழே ஓடி, தண்ணீர் மாதிரி இருக்கும் பசையை விரிசலுக்குள் இறக்கி, ஈரம் மெதுவாக அடங்கட்டும் என்று முதலில் பிளாஸ்டிக் பையிலும் பிறகு பழையபடி காகிதப் பையிலும் வைத்தேன். சேகர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"வடகம் இதே வெயில்லதான் காயுது, இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு இவ்ளோ ரோஷம்?"

மறுபடி லேத்தில்

ஒருவழியாகத் தராசு முள் அசையாமல் நின்றது. விரிசல் வளரவில்லை. கிண்ணம் மட்டும் முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. அக்கா, ரேவதி, சேகர் மூவரும் கொட்டகைக்குள் வந்து நின்றுகொண்டார்கள்.

லேத்தை ஓட்டினேன். கோணல் கிண்ணம் உளியில் 'டக் டக்' என்று மோதியது. மெல்ல மெல்ல மோதல் குறைந்து, 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சீராக மரம் சீவப்பட்டது. நிறுத்திப் பார்த்தேன். கோடு இருந்தது. விளிம்பைக் கொஞ்சம் சீவி இறக்கினேன். இன்னும் இருந்தது. மறுபடி இறக்கினேன். முனையில் மட்டும் மயிரிழையாகத் தெரிந்தது. "போதும் ஆன்ட்டி, அப்படியே இருக்கட்டும்" என்றாள் ரேவதி. "இன்னும் ஒரே ஒரு தடவை" என்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு உளியை ஓட்டினேன். நிறுத்திவிட்டு விரலால் விளிம்பைச் சுற்றி வந்தேன். வழவழ!

சேகர் விசிலடித்தார். எண்ணெய் தடவியதும் வரிகளெல்லாம் பளிச்சென்று மின்னின. ரேவதி கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்தவள் கீழே வைக்கவேயில்லை. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கொய்யா மரம் ஒண்ணு நல்லாத்தான் நிக்குது, அடுத்த மழைக்கு விழுந்தா சொல்றேன், மெஷின ரெடியா வெச்சிக்க!"

மொத்தத்தில், பச்சை மரத்தைக் காய வைத்துவிடலாம் நண்பர்களே, அதைச் சுற்றி நிற்கிறவர்களைக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வைப்பதற்குத்தான் இன்னும் ஒரு வழியும் எனக்குப் பிடிபடவில்லை.