அமெரிக்க வீரனும் குக்கர் விசிலும்

சனிக்கிழமை பிற்பகல் நாலு பத்துக்கு மகள் தொலைபேசியில் சொன்னாள்: "அப்பா, நான் கட்டப்போறவரை ஆறு மணிக்குக் கூட்டிக்கொண்டு வாறன். அமெரிக்க ஆமியில இருந்தவர்."

சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் ஜெனரேற்றர் வைத்துப் பார்த்த படங்களில் அமெரிக்க வீரன் தனியாளாக நூறு பேரைச் சுடுவான்; நாங்கள் கைதட்டுவோம். பின்னர் லண்டனில் பார்த்த படங்களில் அதே வீரன் வீடு திரும்பி, கதவு அடித்துச் சாத்தினாலே நடுங்கி அழுதான். மருமகன் இதில் எந்த வகை?

"குக்கரை வைக்காதையும். விசிலுக்குப் பயந்துபோவார்" என்றேன் மனைவியிடம்.

"அப்ப பருப்பை உங்கட பயத்திலயா அவிக்கிறது?"

வாசல் மணி அடித்தபோது குக்கர் நாலாவது தடவையாகக் கூவியது. நடுங்கியது நான்தான். கதவைத் திறந்தேன். கண்ணாடி போட்ட ஒல்லிப் பெடியன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மகள் பழக்கிய தமிழில் சொன்னான்: "மாமா, பருப்புக்கு மூண்டு விசில் போதும். நான் ஆமிக் குசினியில சமையல்காரன்."