ரோஸ்லின் ஓட்டிய நடவு மிஷின்

பாகூர்ப் பக்கம் கைநடவு செய்யும் பெண்கள் பின்னோக்கித்தான் நகர்வார்கள். நட்டது கண்ணெதிரே இருக்கும், போகிற இடம் முதுகுக்குப் பின்னால். ரோஸ்லின் இருபத்தாறு வருடம் அப்படியே நட்டவர். நாற்பத்திரண்டு வயதில் முன்னோக்கிப் போகக் கற்க வேண்டி வந்தது.

எங்கள் உழவர் குழு நடவு மிஷின் வாங்கியது. ஓட்ட ஓர் ஆள் வேண்டும். பதினைந்து நாள் பயிற்சி, முடிவில் ஒரு வயலை நட்டுக் காட்ட வேண்டும், தேறியவருக்கு வேலை. மனுப் போட்ட ஆறு பேரில் ரோஸ்லின் மட்டும்தான் பெண். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர். மனுவைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

கூட நட்ட பெண்கள் சிரிக்கவில்லை, கொதித்தார்கள். "நம்ம சோத்துல நீயே மண்ண அள்ளிப் போடுறியாடி?" என்று கேட்ட செல்வகுமாரி, அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். பக்கத்து வீடு. வருடக்கணக்கில் ஒரே வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்.

"நான் ஓட்டலன்னாலும் மிஷினு வரத்தான் போவுது" என்றார் ரோஸ்லின். ஆனால் மனசு உடைந்துதான் போனார்.

கியரும் கிளட்சும் ஐந்தே நாளில் பிடிபட்டன. வண்டிதான் நேராகப் போகவில்லை. நாற்று ஊன்றியதா என்று நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்ப்பார், கூடவே ஸ்டியரிங்கும் திரும்பும். வரிசை மாடு மூத்திரம் பெய்த மாதிரி கிடக்கும்.

"இன்னாக்கா, பின்னாடியே பாக்குறீங்க? முன்னாடி பாருங்கக்கா!" என்று கத்துவார் பயிற்சியாளர் அருள்முருகன்.

"நட்டதப் பாக்காம எப்டிப்பா போறது?"

பத்தாம் நாள் ரோஸ்லினே ஒரு வழி கண்டுபிடித்தார். எதிர் வரப்பில் குச்சி ஊன்றி, சிவப்புத் துணி கட்டி, அதைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினார். திரும்பாமல் இருந்தே கழுத்து வலித்ததாம்.

வயலை நட்டுக் காட்டும் நாளில் வரப்பெல்லாம் கூட்டம். செல்வகுமாரியும் வந்திருந்தார். வேடிக்கை பார்த்துச் சிரிக்கத்தான் வந்திருப்பார் என்று நினைத்தேன். ரோஸ்லினின் முதல் வரிசை நேராக விழுந்தது. கடைசி வரிசையும் அப்படியே. மற்ற ஐந்து பேரில் யாருக்கும் அப்படி விழவில்லை.

"வேல உங்களுக்குத்தான்கா" என்றார் அருள்முருகன்.

ரோஸ்லின் இன்னும் இறங்கவில்லை. செல்வகுமாரி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, நேரே மிஷினிடம் போனார்.

"கிளட்சு எதுடி? காட்டு. அடுத்த மிஷினு வந்தா நானும் மனுப் போடணும்."

வேலை கிடைத்தபோது அழாத ரோஸ்லின், அப்போதுதான் அழுதார்.