கிண்ணியாவுக்கு வந்த முதல் பிரிட்ஜ்

போன கிழமை எங்கள் வீட்டுக்குப் புதிய பிரிட்ஜ் வந்தது. இறக்கிவைத்த பொடியன் கையைத் துடைத்துக்கொண்டு, பாடமாக்கி வைத்திருந்ததை ஒப்புவித்தான். "சேர், சுவரோட முட்டாமல் வையுங்கோ. உடன பிளக்கைப் போடாதேங்கோ. முக்கியமா, ஒருநாளும் தலைகீழாக் கவிட்டுப் போடாதேங்கோ. பிறகு பெட்டி அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டிய அளவுக்குச் சிரிப்பு. பொடியன் பயந்துபோய் என் மனைவியைப் பார்த்தான்.

"அவருக்கு பிரிட்ஜ் எண்டா அப்பிடித்தான் தம்பி," என்றாள் அவள். "நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ."

அவளுக்குக் கதை தெரியும். உங்களுக்குத் தெரியாதே, சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஓர் அரசாங்கக் களஞ்சியத்தில் நான் எழுதுவினைஞன். மட்டிக்களியில் வாடகை வீடு. என்னோடு இருந்தவர்கள் இரண்டு பேர்: யாழ்ப்பாணத்துச் சைவக்காரன் யோகன், கிண்ணியாவைச் சேர்ந்த ரகீம். மூவருக்கும் ஒரே கந்தோர். மூவருக்கும் கலியாணம் ஆகவில்லை. வீட்டில் மின்சாரமும் இல்லை. ஐஸ் வேண்டுமென்றால் மீன்வாடியில் வாங்கலாம். ஆனால் அந்த ஐஸைப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரைக் குடித்தால், சூடை மீனைப் பிழிந்து குடித்ததுபோல இருக்கும்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ரகீம் ஒருநாள் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்தான். வெள்ளைக்காரக் கடற்படை போன காலத்தில் யாரோ ஒரு துரை விட்டுப்போன மண்ணெண்ணெய் பிரிட்ஜ். பல கைகள் மாறி இவனிடம் வந்திருந்தது. உருண்டைத் தோள்கள், நான்கு கட்டைக் கால்கள், முதுகில் கறுத்த குழாய்கள். அடியில் ஒரு எண்ணெய்த் தொட்டியும் திரிவிளக்கும். விளக்கைக் கொளுத்தினால் மேலே ஐஸ் வரும்.

"கீழ நெருப்பு, மேல ஐஸா? ஆருக்கடா கதை விடுறாய்?" என்றான் யோகன்.

அடுத்த நாள் காலையில் அவன்தான் முதல் ஐஸ்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, பேச முடியாமல் வீடு முழுக்க ஓடித் திரிந்தான்.

பெட்டி ரகீமுடையது, பராமரிப்பு என்னுடையது. யாரும் கேட்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். திரியின் நுனியை நேராக வெட்ட வேண்டும். ஒரு பக்கம் உயர்ந்தால் சுடர் மஞ்சளாகிப் புகை பிடிக்கும். சுடர் நீலமாக இருக்க வேண்டும். அதைப் பார்ப்பதென்றால் நிலத்தில் குப்புறப் படுத்து, சவரக் கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்க்க வேண்டும். "கோணேசர் கோயில்லகூட நீ இப்பிடி விழுந்து கும்பிட்டதை நான் காணேல்லை," என்பான் யோகன், என் கால்களைத் தாண்டிப் போகும்போது.

எல்லாவற்றையும்விட முக்கியம் மட்டம். இந்தப் பெட்டி ஒரு நூல் சாய்ந்தாலும் குளிராது. எங்கள் வீட்டுத் தரையோ, கழுவிய தண்ணீர் ஓடட்டும் என்று சரிவாகக் கட்டியது. கால்களுக்கடியில் நெருப்புப்பெட்டி அட்டைகளை மடித்து வைத்தேன். பெட்டியின் தலையில், தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைக்கும் பீரிசு ஒன்றை வைத்து, அதில் தண்ணீர் விட்டேன். தண்ணீர் எல்லாப் பக்கமும் விளிம்பைச் சமமாகத் தொட வேண்டும். காலையும் மாலையும் பார்ப்பேன். யாராவது கதவை அடித்துச் சாத்தினால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். விளைவாக எனக்குப் 'பீரிசு' என்று பெயர் வந்தது. கந்தோரில்கூட.

உள்ளே மூன்று தட்டு. மேல்தட்டு யோகனின் சைவம். கீழ்த்தட்டு எங்கள் மீன். நடுத்தட்டில் ரகீமின் எருமைத் தயிர்ச்சட்டி. அதில் மட்டும் மூவரும் கை வைப்போம். எங்கே வைத்தாலும் எல்லாவற்றிலும் கொஞ்சம் மண்ணெண்ணெய் மணக்கும் என்பதையும் ஒழுங்குக்காகச் சொல்லிவிடுகிறேன். பழகினால் அதுவும் ஒரு ருசிதான்.

பிறகு ரகீமுக்குக் கலியாணம் சரிவந்தது. பெண் கிண்ணியாவில் நெல் குத்தும் மில் வைத்திருந்த ஒரு ஹாஜியாரின் மகள், மைமூனா. அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிபோக வேண்டும். "வெறுங்கையோட போகமாட்டன் மச்சான்," என்றான் ரகீம். "கலியாணத்தண்டு எல்லாருக்கும் ஐஸ் போட்ட சர்பத். எண்ட பெட்டியில எடுத்த ஐஸ்." தன் தாய்மாமாவிடம் பெண்வீட்டுக்குச் சொல்லியனுப்பினான்: "வியாழக்கிழமை நான் பிரிட்ஜ் அனுப்புறன் எண்டு சொல்லுங்க."

இங்கேதான் தமிழ் எங்களைக் கவிழ்த்தது. குளிர்ப்பெட்டியும் பிரிட்ஜ், பாலமும் பிரிட்ஜ். கிண்ணியாத் துறையில் அந்தக் காலத்தில் பாலம் கிடையாது. பாதை என்று சொல்லும் மிதவையில்தான் ஆளும் மாடும் வண்டியும் தண்ணீரைக் கடக்க வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் யாராவது வந்து பிரிட்ஜ் தருவதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். இப்போது மில்கார ஹாஜியாரின் மருமகன் பிரிட்ஜ் அனுப்புகிறானாம், வியாழக்கிழமையாம்!

கதை ஊரெல்லாம் ஓடி ஹாஜியாரின் காதுக்கு வந்தபோது, அவர் மாமாவைக் கூப்பிட்டு விசாரித்தார். பாலமல்ல, பெட்டி என்று மாமா விளக்கினார். நெருப்பு வைத்தால் ஐஸ் வரும் பெட்டி.

"அதுக்குப் பாலமே பரவாயில்ல," என்றாராம் ஹாஜியார். "அதையாவது நம்பலாம். சரி, மருமகனுக்குச் சொல்லுங்க. கலியாணத்தண்டு ஐஸ் வந்தா, நான் அவரை இன்ஜினியர் எண்டு கூப்பிடுவன். வராட்டி எம்.பி. எண்டுதான் கூப்பிடுவன்."

எங்களுக்குச் சிரிப்பு. ரகீமுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நீங்க சிரிக்கிறீங்க. எங்கட ஊர்ல ஒரு பேர் ஒட்டினா ஒட்டினதுதான். எண்ட பிள்ள பள்ளிக்கூடம் போனா, எம்.பி.ட மகன் வாறான் எண்டுதான் சொல்லுவாங்க. பேரப்பிள்ளைக்கும் அதுதான்."

பெட்டி அந்தக் கிழமையே குளிர்வதை நிறுத்தியது.

திரியை மாற்றினேன். புகைக்குழாயைத் துடைத்தேன். பீரிசுத் தண்ணீர் ஊசி பிசகாமல் நின்றது. சுடர் அப்பழுக்கில்லாத நீலம். உள்ளே மட்டும், குசினி அலுமாரியைப் போல வெதுவெதுப்பு. தயிர் புளித்தது. ரகீம் பெட்டியின் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டபடி கன நேரம் நின்றான்.

"எடுத்துக்கொண்டு போவம்," என்றான் கடைசியில். "அனுப்புறன் எண்டு சொன்னன். அனுப்பாட்டி இப்பவே எம்.பி."

புதன்கிழமை, இல்லை, திருத்திக்கொள்கிறேன், சொன்னபடி வியாழக்கிழமையே, மாமாவின் உழவு மிசின் இழுக்கும் வண்டிப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதில் பிரிட்ஜை நிறுத்திக் கட்டினோம். மாப்பிள்ளை நிக்காஹ்வுக்கு முன் பெண்வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்பதால் ரகீம் வரவில்லை. யோகன் லீவு கிடைக்காமல் நின்றுவிட்டான். நான் எண்ணெய்த் தொட்டியையும் விளக்கையும் துவாயில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டேன். பீரிசு என் சட்டைப்பைக்குள். சீனன்குடா வழியாகப் போகும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் "மெதுவா, மெதுவா!" என்று கத்தினேன். "இதென்ன, பிள்ளத்தாச்சியையா ஏத்தியிருக்கு?" என்று மாமா திரும்பிக் கேட்டார்.

துறையில் திருவிழாக் கூட்டம். பெட்டிதான் வருகிறது என்று தெரிந்தவர்களும், இன்னும் பாலத்தை எதிர்பார்த்தவர்களும் சேர்ந்து நின்றார்கள். ஒரு பெரியவர் குடையோடு வந்து, "தூண் எங்க நடப்போறாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பாதையை ஓட்டும் காசிம் காக்கா மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, உண்மையைச் சொல்லுங்க. பிரிட்ஜ் வந்தா எங்கட பிழைப்பு என்னாகும்?" என்றார்.

"காக்கா, இது ஐஸ் போடுற பெட்டி," என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கையை உயர்த்தினார்.

உழவு மிசின் பாதையின் பலகையில் ஏறியபோது ஒரு குலுக்குக் குலுக்கியது. நான் போட்ட முடிச்சு அவிழ்ந்தது. பிரிட்ஜ் நிதானமாக, ஒரு துரையைப் போலவே, வைக்கோலில் சாய்ந்து படுத்தது. நான் பாய்வதற்குள் காசிம் காக்காவின் ஆட்கள் பாய்ந்துவிட்டார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் இரண்டு எருமைகள்.

"நாலு பிடி இரிக்கி பாருங்க, பிடிச்சுத் தூக்குங்க!" என்றார் காக்கா.

அவர் பிடி என்று சொன்னது கால்களை. தூக்கி நிமிர்த்தினார்கள், 'பிடி' நான்கும் வானத்தைப் பார்க்க. நான் எருமைகளின் முதுகுக்கு மேலால் கத்தினேன். கரையில் கூட்டம் கைதட்டிய சத்தத்தில், நான் நன்றி சொல்வதாகத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியே ஊர்வலம். தலைகீழாக நின்ற பிரிட்ஜ், பின்னால் பிள்ளைகள், அதற்குப் பின்னால் தொட்டியை அணைத்தபடி நான். ஹாஜியாரின் வாசலில் நான்கு பேர் பிடியைப் பிடித்து நேராக உள்ளே, பெண்கள் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். திரை விழுந்தது. நான் வெளியே.

"ஹாஜியார், அது தலைகீழா நிக்குது."

அவர் ஒரு கணம் யோசித்தார். தெரியாது என்று காட்டிக்கொள்ள விரும்பாத முகம். "புதுச் சாமான். வந்தமாதிரியே இருக்கட்டும். நீங்க சாப்பிடுங்க தம்பி."

சாப்பிட்டேன். இறங்கவில்லை என்று சொன்னால் பொய். பொரித்த கோழி நன்றாகத்தான் இறங்கியது. ஆனால் மனமெல்லாம் திரைக்குப் பின்னால். மட்டம் பார்த்து, மட்டம் பார்த்து நான் வளர்த்த பெட்டி. அன்று பின்னேரம் முழுக்கவும் அடுத்த நாள் ஜும்ஆத் தொழுகை முடியும்வரையும் அது தலையில் நின்றது. மேலே தெரிந்த அடிப்பக்கம் வசதியான மேசையாக இருந்ததால், வெற்றிலைத் தட்டத்தையும் தொதல் இனிப்புத் தட்டையும் அதில் அடுக்கியிருந்தார்கள் என்று பிறகு அறிந்தேன்.

வியாழன் இரவு நான் அங்கேயே தங்கினேன். வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு திரையின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மைமூனாவின் சாச்சி, தாயின் தங்கை. "பெட்டியோட வந்த தம்பி இருக்காரா? மணப்பொண்ணு கேக்கிறா, இதை எப்பிடிக் கொளுத்திற எண்டு."

நான் திரையோடு ஒட்டி நின்றேன். முதலில் நிமிர்த்தச் சொன்னேன். பெண்களின் மூச்சும் சிரிப்பும், பிறகு பெட்டியின் வயிற்றுக்குள் 'குளுக், குளுக்' என்ற சத்தமும் கேட்டன.

"தம்பி, இதுக்கு வயித்துப் பொருமல்," என்றார் சாச்சி. "இஞ்சித் தண்ணி குடுக்கவா?"

திரைக்கு அடியால் தொட்டி போனது, விளக்கு போனது, பீரிசு போனது. "அதைத் தலையில வைச்சுத் தண்ணி விடுங்கோ. எல்லா விளிம்பையும் சமமாத் தொடுதா?"

"குசினிப் பக்கம் கூடத் தொடுதாம்."

"குசினிப் பக்கக் காலுக்கு ஏதாவது அட்டை வையுங்கோ."

"பாக்குத் துண்டு வைச்சாக் காணுமா?"

"காணும். இப்ப சுடர் என்ன நிறம்?"

உள்ளே ஒரு குசுகுசுப்பு. "நீலமாம். என்ன நீலம் வேணும் எண்டு கேக்கிறா. கடல் நீலமா, வானத்து நீலமா?"

முதல்முறையாக இன்னொரு மனிதர் சரியான கேள்வியைக் கேட்டார். "பள்ளிக்கூட மை நீலம்," என்றேன்.

 பிறகு சாச்சி இல்லை, வேறொரு இளங்குரல், நேராகவே: "திரியில ஒரு மூலை கூட நிண்டது. வெட்டிட்டன். இப்ப மை நீலம்."

ஞாயிறு மதியம் நிக்காஹ் முடிந்தது. ரகீம் மாலையோடு உட்கார்ந்திருந்தான், தீர்ப்புக்குக் காத்திருப்பவனைப் போல. பெட்டி குளிராது என்பது அவனுக்கும் எனக்கும் யோகனுக்கும் மட்டும் தெரியும். ஹாஜியார் எழுந்து, ஊருக்குக் கேட்கும்படி, "எங்க, எம்.பி.ட ஐஸைக் கொண்டாங்க பாப்பம்!" என்றார். ரகீம் கண்ணை மூடிக்கொண்டான்.

திரை விலகியது. சாச்சி ஒரு தட்டோடு வந்தார். தட்டில் ஐஸ்கட்டிகள், ஒன்றோடொன்று உரசிக் கலகலவென்று.  ஹாஜியார் ஒன்றை எடுத்தார். கையில் வைக்க முடியாமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார். வாயில் போட்டார். கண் கலங்கி, கன்னம் வீங்கி, ஒரு பக்கமாக, "இன்ஜினியர்!" என்றார்.

ஆரவாரத்தில் பந்தல் இரண்டாகப் போனது. ஞாயிறென்று வந்திருந்த யோகன் என்னைத் தூக்கிவிட்டான். ரகீம் சிரிக்கிறானா அழுகிறானா என்று சொல்ல முடியவில்லை. சர்பத்தில் இலேசாக மண்ணெண்ணெய் மணந்தது. எல்லாரும் அதுதான் ஐஸின் மணம் என்று நினைத்துக் குடித்தார்கள்.

கன காலத்துக்குப் பிறகுதான் எனக்குக் காரணம் தெரிந்தது. அந்த வகைப் பெட்டி ஒரே நிலையில் நெடுநாள் நின்றால், குழாய்களுக்குள் இருப்பவை பிரிந்து தேங்கிவிடுமாம். ஒரு நாள் முழுக்கத் தலைகீழாக வைத்தால் திரும்பக் கலந்து உயிர் வருமாம். எனக்குக் கடைசிவரை தோன்றியிருக்காத வைத்தியம். காசிம் காக்கா காலைப் பிடி என்று நினைத்திருக்காவிட்டால், ரகீம் இன்றும் எம்.பி.

அந்தப் பெட்டி இப்போது இல்லை. அது நின்ற வீடும் இல்லை. இடையில் வந்த ஆண்டுகளில் எத்தனையோ வீடுகள் அப்படிப் போயின. பெயர் மட்டும் போகவில்லை. ரகீமின் மூத்தவன் தயிர்க்கடை வைத்திருக்கிறான், இன்ஜினியர்ர மகன். அவனுடைய மகளுக்குக் கணக்கு வரவே வராது, இன்ஜினியர்ர பேத்தி. சுடர் நீலமென்றால் என்ன என்று அந்தக் குடும்பத்தில் உண்மையில் தெரிந்தவள் மைமூனாதான். அவளுக்கு ஊர் ஒரு பெயரும் வைக்கவில்லை.

கிண்ணியாத் துறையில் உண்மையாகவே பாலம் திறந்த அன்று ரகீம் போன் எடுத்தான். "மச்சான் பீரிசு, ரெண்டாவது பிரிட்ஜும் வந்திட்டு!"

போய்ப் பார்த்தேன். அழகான பாலம். வான் வண்டியில் ஏறி, சன்னல் கண்ணாடியை இறக்குவதற்குள் அக்கரை. கீழே, பாதை வந்து முட்டிய இடத்தில் இரண்டு மரக்குற்றிகள் தெரிந்தன. பிழைப்பு என்னாகும் என்று காசிம் காக்கா அன்று என்னிடம் கேட்ட கேள்விக்கு, நான் பெட்டியைப் பற்றி மட்டும்தான் பதில் சொல்லியிருந்தேன்.

நேற்றுக் காலை, புதிய பிரிட்ஜின் தலையில் ஒரு பீரிசு வைத்துத் தண்ணீர் விட்டேன். மனைவி பார்த்துவிட்டு, என் தேத்தண்ணிக் கோப்பையைப் பீரிசு இல்லாமலே கொண்டுவந்து தந்தாள். பின்னேரம் போய்ப் பார்த்தேன். தண்ணீர் எல்லா விளிம்பையும் சமமாகத் தொட்டுக்கொண்டு, கொஞ்சமும் அசையாமல் நின்றது.