விருந்தாளியைத் தனியே விடாதவள்

நேச நாட்டு ராணுவத்துக்கும் தனியார் ராக்கெட் கம்பெனிக்கும் நடுவில் ஆயிரம் ஒப்பந்தம் இருக்கலாம். நம்பிக்கை மட்டும் மருந்துக்கும் கிடையாது. கம்பெனி செய்கிற உளவு செயற்கைக்கோளைப் பார்க்க வரும் வெளிநாட்டு அதிகாரி கழிப்பறைக்குப் போனாலும் வெளியே ஒருத்தி காவல் நிற்க வேண்டும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இவள் பிழைப்பு அதுதான். விருந்தாளியை ஒரு நிமிஷம் தனியே விட்டால் வேலை போய்விடும். நடந்து நடந்து கால் வீங்கியதுதான் மிச்சம். வீட்டில் புருஷன் குளிக்க எழுந்தாலும் பழக்கதோஷத்தில் பின்னாலேயே போய்விடுவாள். "நான் என்ன ராக்கெட்டையா தூக்கிட்டு ஓடப் போறேன்?" என்பார் அவர்.

அன்று வந்தவர் ஒரு கர்னல். செயற்கைக்கோள் எடுக்கும் படம் முதலில் எந்த நாட்டுக்கு என்று காலையிலிருந்து இழுபறி. மதியம் ஆளாளுக்குத் தங்கள் தலைநகரத்தோடு பேசப் போய்விட்டார்கள். சாயந்திரம் வண்டி வரும்வரை கர்னலைப் பார்த்துக்கொள்வது இவள் பொறுப்பு.

அப்போதுதான் வாசல் காவலர் வந்து காதைக் கடித்தார். உள்ளே கைபேசிக்கு அனுமதி இல்லாததால் அண்ணி வாசலுக்குப் போன் செய்திருந்தாள். அண்ணனுக்கு இன்று இதய ஆபரேஷன். தங்கச்சி முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாராம். இன்றைக்கு விட்டால் டாக்டர் அடுத்த மாசம்தான். அதுவரை அந்த உடம்பு தாங்காது.

மாற்று ஆள் கேட்டாள். மேலதிகாரி கையை விரித்தார். வேறு வழி தெரியாமல் கர்னலிடமே சொல்லி அழுதாள். காலையிலிருந்து கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்த மனுஷன் அவர்.

"என்னை விட்டுட்டுதானே நீங்க போகக் கூடாது? கூட்டிட்டுப் போகலாம் இல்ல?"

அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. டாக்சி பிடித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் சீருடையைப் பார்த்ததும் அண்ணன் மிரண்டு போனார். "என்னம்மா, ஏதாவது வம்புல மாட்டிக்கிட்டியா?"

"ஆபீஸ் வேலைண்ணா. நீ முதல்ல கையெழுத்தப் போடு."

அப்பா போனபிறகு தன் படிப்பை விட்டுவிட்டு இவளைப் படிக்கவைத்தவர். கையெழுத்தைப் போட்டார்.

நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினாள். "ஒருத்தர் மட்டும் ஆபரேஷன் தியேட்டர் வரைக்கும் வரலாம்."

அண்ணிக்கு எழவே தெம்பில்லை. அண்ணன் இவளையே பார்த்தார். இவள் கர்னலைப் பார்த்தாள். போனால், அவர் தனி.

"நான் இங்கேயே இருக்கேன். போங்கம்மா," என்றார் அவர்.

அவர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று தோன்றியது அவளுக்கு. அவ்வளவு அலுத்துப் போயிருந்தாள். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.