இறங்கி நின்ற காந்தாரம்

ஆர்மோனியப் பெட்டிக்கு வைத்தியம் பார்த்துவிடலாம் ஐயா, அதைக் கேட்கிற காதுக்கு என்னிடம் மருந்து கிடையாது. ஊரார் காதை நம்பிப் பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும். பேசும் படம் வந்த புதிதில் சேலம் கடைவீதியில் ரிப்பேர் கடை வைத்திருந்தேன்.

நாடகக் கொட்டகையில்

அயோத்தியாப்பட்டணத்தில் நாடகம். பெட்டி வாசிக்கிறவருக்குக் காய்ச்சல் என்று என்னை உட்காரவைத்தார்கள். ராஜா வேஷக்காரருக்கோ தொண்டைக் கட்டு. எல்லாப் பாட்டையும் சுருதி இறக்கியே வாசித்தேன். ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. அப்பாடா என்று இருந்தபோது பெட்டிக்குள் ஒலிக்கிற பித்தளை நாக்கு, அதாவது ரீடு, ஒன்றே ஒன்று லேசாகப் பிசகியது. கொட்டகையே திரும்பி என்னைப் பார்த்தது. கடலை விற்றவர் கிட்டே வந்து சொன்னார்: "ஐயா, உங்க பெட்டியில ஒண்ணு நொண்டுது."

இளம்பிள்ளைப் பெட்டி

இளம்பிள்ளையில் தறி போட்டிருந்த ஆறுமுகம் ஒருநாள் காலையில் பெட்டியோடு வந்தார். மறுநாள் மகள் பொன்னம்மாளை ராசிபுரத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், அவள் வாசித்துப் பாடவேண்டும். முன்பு வந்த இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. பெட்டியில் காந்தாரம், அதாவது ஸரிகமவில் வரும் 'க', சற்று இறங்கிக் கிடந்தது. ரீடின் நுனியைச் சுரண்டி ஏற்றிக் கொடுத்தேன். வேலை சுத்தம் என்று எனக்கே ஒரு பெருமை.

சாயங்காலமே அப்பாவும் மகளும் வந்து நின்றார்கள். அவள் பாடிக் காட்டினாள். காந்தாரம் வருகிற இடத்திலெல்லாம் குரல் பெட்டிக்குக் கீழேயே நின்றது. பாவம், சின்ன வயதிலிருந்து அந்தப் பெட்டியோடே பாடியவள். அவள் காதுக்கு அதுதான் காந்தாரம். பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறுமுகம் கேட்டார்: "நேத்து வரைக்கும் நல்லாப் பாடுன புள்ளைங்க. பெட்டிய என்னத்தப் பண்ணித் தொலைச்சீங்க?"

ராசிபுரத்துக்காரர்கள்

விடிவதற்குள் குரலை மாற்ற முடியுமா? ரீடின் அடியைச் சுரண்டிப் பழையபடியே இறக்கினேன். கை கூசியது. பெட்டி மக்கர் பண்ணினால் பார்க்க வேண்டுமென்று மறுநாள் என்னையும் கூட்டிப்போய் ஓரமாக உட்காரவைத்தார்கள். காந்தாரம் வந்தது. கொட்டகை மாதிரியே எல்லாரும் திரும்பப்போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். குரலும் பெட்டியும் சேர்ந்தே இறங்கி நின்றன. மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்: "அந்த ஒரு எடம் வாரப்ப மனசு எளகிப் போவுதுங்க. எங்களுக்கு இந்தப் புள்ளையே போதும்."

புதுப்பெட்டி

கல்யாணமான அடுத்த மாதம் பொன்னம்மாள் புருஷனோடு கடைக்கு வந்தாள். கையில் பளபளவென்று புத்தம்புதுப் பெட்டி. வாசித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. பிறகு என்னம்மா என்றேன். "எங்க அத்தை வாங்கிக் குடுத்ததுங்க. இதுல அந்த எடம் உருகவே மாட்டேங்குதாமா. பழைய பெட்டியாட்டவே பண்ணிக் குடுங்க."

சரியாக இருந்த பெட்டியைக் கெடுத்துக் கொடுத்துக் கைராசிக்காரன் என்று பேர் வாங்கியவன் சேலத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.